பதிமூன்று மதிப்பெண்

வணக்கம் ஐயா,

பெரம்பூரில் இருக்கிறோம். என் மகன் பத்தாம் வகுப்பில் 500க்கு 212 எடுத்திருக்கிறான். "படிப்பு ஏறவில்லை, மிலிட்டரிக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார் அவன் வாத்தியார். அவனும் தினமும் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறான். படிப்பு வராத பிள்ளைக்கு ராணுவம் சரிப்படுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நான் படித்த பள்ளியிலும் இப்படி ஒரு வாத்தியார் இருந்தார். கடைசி பெஞ்சில் யார் கொஞ்சம் உயரமாக இருந்தாலும் அவருக்கு மிலிட்டரிதான். ஆள்சேர்ப்பு அறிவிப்பை அவர் ஒருமுறையாவது படித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

நான்கு ஆண்டுக்கு ஆள் எடுக்கும் ராணுவத்தின் அக்னிவீர் திட்டத்தில், ஜி.டி. என்கிற பொதுப்பணிச் சிப்பாய் வேலைக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம் கேட்கிறார்கள். 500க்கு 225. நம் ஊரில் பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ், அதாவது 175 எடுத்தவனும் பாஸ். பாஸாகியும் ஜி.டி.க்கு விண்ணப்பம் போட முடியாத பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். உங்கள் மகனுக்குக் குறைவது 13. டிரேட்ஸ்மேனுக்கு மொத்த சதவீதம் இல்லை, ஒவ்வொரு பாடத்திலும் 33 இருந்தால் போதும். சமையல், தையல், முடிதிருத்தல் மாதிரியான வேலைகள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் அவன் கனவில் வருவது துப்பாக்கியா கரண்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடுவது நல்லதுதான். ஓட்டத்தில் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வுதான் முதலில். அதில் தேறினால்தான் கிரவுண்டுக்கே கூப்பிடுவார்கள். அப்புறம், நான்கு ஆண்டு முடிந்ததும் தொடர்ந்து வைத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. மற்றவர்கள் ஊர் திரும்பி வேலை தேடும்போது பழைய மார்க் ஷீட்டைத்தான் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ராணுவ அதிகாரியாகப் போக என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) நுழைவுத் தேர்வு எழுதுகிறவனிடம் சதவீதமே கேட்பதில்லை. பிளஸ் டூ பாஸ் போதும். கணக்குக்கு 300, பொதுத் திறனுக்கு 600 மதிப்பெண். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. தேறியவர்களுக்கு எஸ்.எஸ்.பி. என்கிற தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகம், அதற்கு இன்னொரு 900. குழுவோடு சேர்ந்து எப்படி நடந்துகொள்கிறான், சட்டென்று எப்படி முடிவெடுக்கிறான் என்றெல்லாம் அங்கே பார்ப்பார்கள்.

அக்னிவீருக்கே பதினேழரை வயது ஆக வேண்டும். அதுவரை அவனைச் சும்மா வைக்காமல் பிளஸ் ஒன் சேருங்கள், என்.சி.சி. இருக்கும் பள்ளியாகப் பார்த்து. எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கில்தான் விட்டான் என்றால் இதையும் சொல்லுங்கள்: ஒரு டிகிரி முடித்துவிட்டு, பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுக்கும் சி.டி.எஸ். தேர்வு எழுதலாம். பரங்கிமலையில் இருக்கும் ஓ.டி.ஏ.வுக்கு (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) மட்டும் விண்ணப்பித்தால் அதில் கணக்குத் தாளே கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும்தான். பெரம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறினால் பரங்கிமலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் வெளியிலிருந்தாவது காட்டிவிட்டு வாருங்கள்.