"நேத்து சிரிச்சியே, இன்னைக்கு என்ன?"

கேள்வி: எனக்கு 36 வயது. கணவர், மாமியார், ஏழு வயது மகனுடன் இருக்கிறேன். ஆறு வாரமாக டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னும் காலையில் எழவே முடியவில்லை. "எல்லாம் இருந்தும் உனக்கு என்ன குறை?" என்கிறார் மாமியார். "நேத்து கல்யாணத்துல எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசினியே, இன்னைக்கு என்ன?" என்கிறார் கணவர். எப்படிச் சொன்னால் இவர்களுக்குப் புரியும்? சில சமயம், நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது.
- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடைசி வரிதான் அவசரம். அந்த எண்ணம் இந்த நோயின் அறிகுறி. உங்கள் மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த ரிவ்யூ தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆறு வாரம் ஆகியும் பெரிதாக மாற்றம் இல்லையென்றால் டோஸைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டியிருக்கலாம். எப்படிச் சாவது என்கிற அளவுக்கு யோசனை போனால், அன்றே கணவரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) இலவச எண். இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம்.

இனி உங்கள் கேள்வி. "எனக்கு மனசு சரியில்லை" என்று தொடங்காதீர்கள். மனசு சரியில்லாத நாள் எல்லோருக்கும் உண்டு. அதனால் கேட்பவர் தன் துக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். உங்கள் மாமியாரும் வாழ்க்கையில் எவ்வளவோ பார்த்திருப்பார், "நானெல்லாம் எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கலையா?" என்பார். அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது.

நடந்ததை அப்படியே சொல்லுங்கள். குளிக்க வேண்டும் என்று நினைத்ததிலிருந்து பாத்ரூம் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆனதா? பையன் கேட்டது காதில் விழுந்தும் பதில் சொல்ல வார்த்தை வரவில்லையா? குழம்பில் உப்பு போட்டோமா இல்லையா என்று நினைவில்லையா? அவன் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது உள்ளே ஒன்றுமே தோன்றாமல், அதற்காகவே உங்கள்மேல் வெறுப்பு வந்ததா? டிப்ரஷனில் சிந்தனையும் உடம்பும் சேர்ந்தே மந்தமாகின்றன. துக்கம் என்றால் அழுதால் சற்று ஆறும். இதில் பலருக்கு அழுகைகூட வராது.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்த நோய் பலருக்குக் காலையில் மிக மோசமாக இருக்கும். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், ஆனால் எழ முடியாது. பொழுது சாயச் சாயச் சற்று இறங்கும். உங்களுக்கும் அப்படியென்றால், மாமியார் பார்ப்பது காலை எட்டு மணி மருமகளை, கணவர் வேலை முடிந்து வந்து பார்ப்பது ராத்திரி எட்டு மணி மனைவியை. ஒருவருக்கு நீங்கள் சோம்பேறி, மற்றவருக்கு நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை! ஒரு வாரம் மணிவாரியாக நோட்டில் எழுதுங்கள். இரண்டு வரி போதும். அதைக் கணவரிடம் கொடுங்கள். ரிவ்யூவின்போது உங்கள் மருத்துவருக்கும் அது உதவும்.

கல்யாண வீட்டுச் சிரிப்புக்கும் பதில் அந்த நோட்டிலேயே வரும். நாலு பேர் முன்னால் இரண்டு மணி நேரம் சமாளிக்கப் பெரும்பாலானோரால் முடியும். மறுநாள் என்ன ஆனது என்பதுதான் கணக்கு. சிலருக்கு நல்லது நடக்கும்போது உண்மையாகவே சற்று லேசாகும். அதுவும் இந்த நோயில் உண்டு, நடிப்பு ஆகாது.

"என்ன குறை?" என்பதற்குக் காரணம் தேடிக் களைத்துப்போக வேண்டாம். காரணமே இல்லாமலும் இது வரும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் வரலாம். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே போன்ற அசதியைத் தரும் என்பதால், பரிசோதனை செய்யாமல் இருந்தால் செய்துவிடுங்கள்.

மாமியாருக்கு முழுதாகப் புரியாமலே போகலாம். புரிந்த பிறகுதான் உதவ முடியும் என்றும் இல்லை. வேலையைப் பிரித்துக் கேளுங்கள். இந்த மாதம் பையனை ஸ்கூலுக்குக் கிளப்புவது கணவர் பொறுப்பு. "வாக்கிங் போனா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், "கூட வாங்க, போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். நடப்பது உண்மையில் நல்லதுதான், ஆனால் தனியாகக் கிளம்புவதுதானே உங்களுக்கு மலை.

அடுத்த முறை ஓ.பி.க்குக் கணவரையும் அழைத்துப்போய் உள்ளே உட்கார வையுங்கள். மூன்று விஷயங்களை அவர் மருத்துவர் வாயால் கேட்க வேண்டும். இந்த மாத்திரைகளுக்கு யாரும் அடிமையாவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று கணவரே உங்களிடம் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.