ஒருமுறைகூட அடித்ததில்லை, ஆனால்…

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒருவரைக் காதலிக்கிறேன். என் செல்போன் கடவுச்சொல் அவரிடம் இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்பது அவருடைய போனில் எந்நேரமும் தெரிய வேண்டும். பதில் சொல்லத் தாமதமானால் செய்திகள் வந்து குவியும். என் தோழியோடு பேசவும் விடுவதில்லை. போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். ஆனால் ஒருமுறைகூட அடித்ததில்லை. இதுவும் வன்முறையா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் சோப்புப் பெட்டிதான். கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் காதலர்கள் ஏராளம். அதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லிவிட மாட்டேன். குளிக்கும் பத்து நிமிடத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருப்பது வேறு விஷயம். ஆம், இது வன்முறைதான்.

அடி விழுந்ததா என்று பார்க்கும் பழக்கம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் முர்ரே ஸ்ட்ராஸ் குடும்பச் சண்டைகளை அளக்க 1979-இல் வெளியிட்ட அளவீடு, ஏச்சு, தள்ளல், அறை, உதை என ஒவ்வொன்றும் ஓராண்டில் எத்தனை முறை நடந்தது என்று எண்ணியது. யார் யாருக்குப் பயந்து வாழ்கிறார் என்பது அந்த எண்ணிக்கையில் அகப்படவில்லை. வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாகும் சண்டை ஒரு வகை, துணையின் வாழ்க்கையையே தன் பிடிக்குள் வைத்திருக்கச் செய்யும் வன்முறை வேறு வகை என்று 1995-இல் பிரித்துக் காட்டியவர் மைக்கேல் ஜான்சன். கண்காணிப்பது, நட்புகளிலிருந்து பிரிப்பது, அன்றாடத்துக்குச் சின்னச் சின்னச் சட்டங்கள் போடுவது ஆகியவற்றாலேயே ஒருவரைச் சிறைப்படுத்த முடியும் என்று இவான் ஸ்டார்க் 2007-இல் விரிவாக எழுதினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

எத்தனை முறை என்று எண்ணுவதன் சிக்கல் வேறோர் இடத்திலும் தெரிந்தது. பள்ளியில் மாணவர்கள் சக மாணவரைத் துன்புறுத்துவதை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவரிடம் செய்வது. இணையவழித் துன்புறுத்தலையும் இவற்றைக் கொண்டே அளந்தார்கள். இரண்டாவதில்தான் சிக்கல் வந்தது. ஒரு படத்தை ஒரே ஒரு முறை வெளியிட்டால் போதும், திரும்பத் திரும்பப் பரப்பும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் அந்தரங்கப் படங்கள் அவரிடம் இருந்தால், அவர் மிரட்டாவிட்டாலும் அதையும் கணக்கில் வையுங்கள்.

“இன்று மாலை இரண்டு மணி நேரம் போனை அணைத்து வைக்கப்போகிறேன்” என்று அவரிடம் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். நினைக்கும்போதே வயிறு கலங்கினால் சொல்லிப் பார்க்க வேண்டாம். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

கோபத்தில் இன்றே கடவுச்சொல்லை மாற்றிவிடாதீர்கள். பிடி நழுவுகிறது என்று தெரியும் நேரமும் பிரியும் நேரமும்தான் ஆபத்து மிகுந்தவை. முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். முடிந்தால், உங்கள் காதலர் பேச விடாமல் செய்த அந்தத் தோழியிடமே. செய்திகளை அழிக்காமல் அந்தத் தோழியின் போனில் படம் எடுத்து வையுங்கள். உதவி மையத்தைத் தேடுவதும் அழைப்பதும் அந்தப் போனிலிருந்தே நடக்கட்டும்.

இன்னொன்று. “அடித்ததில்லை” என்கிறீர்கள், விளையாட்டாகவேனும் கழுத்தைப் பிடித்து அழுத்தியிருக்கிறாரா? அப்படி நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் அதே துணையால் கொல்லப்படும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு அதிகம் என்று 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நடந்திருந்தால் நாள் தள்ளாமல் உதவி தேடுங்கள்.

எனக்கு மறுபடி எழுதுவதானால் அவர் திறக்க முடியாத மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள். இந்தக் கடிதம் உங்கள் போனிலிருந்துதான் வந்திருக்கிறது.