லிலிபொண்டில் ‘அம்மா’ ஒரே சுரத்தில் விழுகிறதா?
வணக்கம். இசைக்குறிப்புத் தாள் தயாரிக்கும் மென்பொருளான லிலிபொண்டில் ‘அம்மா’ முழுவதும் ஒரே சுரத்தின் கீழ் விழுந்து, அடுத்த வரிகள் முன்னே நகர்கின்றன என்கிறீர்கள். நீங்கள் அம்--மா என்று ஒட்டி எழுதியிருப்பதால் லிலிபொண்ட் அதை ஓர் அசையாகவே எடுக்கிறது. கோடுகளின் இரு புறமும் இடைவெளி விடுங்கள்: அம் -- மா.

ஓர் அசையைப் பல சுரங்களில் இழுக்கும் இடத்தில் அந்தச் சுரங்களை வளைவடைப்பால், அதாவது ( ) குறிகளால், இணையுங்கள். திறக்கும் அடைப்பு முதல் சுரத்துக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் அல்ல; கொட்டாஞ்சேனையில் எங்கள் பாடகர் குழுவுக்குத் தாள் தயாரித்தபோது இதிலேயே எனக்கு ஒரு மாலை போனது.

கொழும்பில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டச்சிடுகிறார்கள். கணினிக்கு அப்படித் தட்டச்சிடும் எழுத்துகள் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. நீங்களும் அப்படியென்றால், வரிகளை முதலில் யுனிகோடுக்கு மாற்றி, கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள்.