சின்ன இன்டர்நெட் நிறுவனங்களுக்கு அரசு பிராட்பேண்ட் மானியம் போய்ச் சேர என்ன செய்யலாம்?

கேள்வி இது: ஊராட்சிகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் கொண்டுபோகும் பாரத்நெட் மாதிரி அரசுத் திட்டங்களில் இவ்வளவு பணம் செலவாகியும் உள்ளூர் கேபிள்காரர்களுக்கும் சின்ன ஐ.எஸ்.பி.க்களுக்கும் (இன்டர்நெட் நிறுவனங்களுக்கும்) அதில் எதுவும் வருவதில்லையே, மானியத்தை எப்படி மாற்றினால் வரும்?

நான் கேபிள் டிவி தொழிலில் இருந்து இன்டர்நெட்டுக்கு வந்தவன். ஒரு சின்ன ஊரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் வைத்து ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பதில் ஒரு வரிதான்: கேபிள் பதித்த நீளத்துக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதியையாவது, வீட்டில் உண்மையிலேயே ஓடுகிற கனெக்‌ஷனுக்குக் கொடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

முதலில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். லைசென்ஸ் எடுத்த நிறுவனம் ஒவ்வொன்றும் ஏ.ஜி.ஆர். எனப்படும், கழிவுகள் போக மிஞ்சுகிற வருமானத்தில் 8 சதவீதம் அரசுக்குக் கட்டுகிறது. அதில் 5 சதவீதம் கிராமப்புறத் தொலைத்தொடர்புக்கான நிதிக்குப் போகிறது. யு.எஸ்.ஓ. ஃபண்ட் என்று இருந்த அந்த நிதிக்கு, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். ஆக, கிராமத்து வீட்டுக்காரர் எங்களுக்குக் கட்டுகிற மாதச் சந்தாவிலிருந்தும் அந்த நிதிக்கு ஒரு பங்கு போகிறது. ஆனால் அதே நிதியிலிருந்து பணம் வாங்குகிற வாசலில் எங்களைப் போன்றவர்கள் நிற்கக்கூட முடியாது.

காரணம் டெண்டரின் அளவு. தமிழ்நாட்டில் பாரத்நெட் வேலை 12,525 ஊராட்சிகளுக்கு. அதை நான்கே பேக்கேஜாகப் பிரித்தார்கள். 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்தப்பட்ட பாரத்நெட் 1,39,579 கோடி ரூபாய்த் திட்டம்; நாடு முழுவதுக்கும் 16 பேக்கேஜ். அந்த அளவு வேலைக்குக் கேட்கிற டர்ன்ஓவர், முன்அனுபவம், பேங்க் கேரண்டி எல்லாம் பெரிய நிறுவனங்களிடம்தான் இருக்கும். சிறு நிறுவனங்களுக்கு ஈ.எம்.டி. (டெண்டரில் கட்டுகிற முன்வைப்புத் தொகை) விலக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்த விலக்கைத் தருகிற 2012ஆம் வருடத்துக் கொள்முதல் கொள்கை பொருளுக்கும் சேவைக்கும்தான். கேபிள் பதிப்பது ஒப்பந்த வேலை என்ற கணக்கில் வந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது.

பேங்க் கேரண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐம்பது லட்சத்துக்கு கேரண்டி வேண்டும் என்றால், சின்ன நிறுவனத்திடம் வங்கி பெரும்பாலும் அதே தொகையை எஃப்.டி.யாகப் போடச் சொல்லும். ஓ.எல்.டி.யும் (வீட்டு ஃபைபர்கள் எல்லாம் வந்து சேரும் மெயின் மெஷின்) ஃபைபரும் வாங்க வைத்திருந்த பணம் வேலை முடியும் வரை வங்கியிலேயே முடங்கிவிடும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2021ஆம் வருடச் சட்டப்படி பீட் என்று 42.45 பில்லியன் டாலர் பிராட்பேண்ட் மானியத் திட்டம் கொண்டுவந்தார்கள். மானியத்தில் 25 சதவீதத்துக்கு வங்கியின் லெட்டர் ஆஃப் கிரெடிட் (பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) வேண்டும், திட்டச் செலவில் கால் பங்கைச் சொந்தமாகவும் போட வேண்டும் என்று விதி. சின்ன நிறுவனங்களும் கூட்டுறவுகளும் உள்ளூராட்சிகளும் சத்தம் போட்ட பிறகு, 2023 நவம்பரில் அந்த லெட்டர் விதியைத் தளர்த்தினார்கள். லெட்டருக்குப் பதில் பெர்ஃபார்மன்ஸ் பாண்ட் (வேலையை முடிப்போம் என்பதற்கான உத்தரவாதப் பத்திரம்) கொடுக்கலாம், வேலை முடிய முடிய கேரண்டித் தொகையைக் குறைத்துக்கொண்டே வரலாம் என்று வழி திறந்தது. நமக்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.

கேரண்டி கேட்பதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே அமெரிக்காவில் 2020இல் நடந்த கிராமப்புற பிராட்பேண்ட் மானிய ஏலத்தில் எல்.டி.டி. பிராட்பேண்ட் என்ற சிறிய நிறுவனம் 15 மாநிலங்களில் சுமார் 1.3 பில்லியன் டாலருக்கான இடங்களை எடுத்தது. செய்து முடிப்பார்கள் என்ற நம்பிக்கை வராமல் 2022 ஆகஸ்டில் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அதை நிராகரித்தது. அந்த கிராமங்கள் இடையில் காத்திருந்ததுதான் மிச்சம். சின்ன நிறுவனத்துக்கு அதன் கைக்கு அடங்குகிற வேலையைக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியம் அளவில், அல்லது பத்துப் பதினைந்து ஊராட்சி அளவில் ஒரு பேக்கேஜ் என்றால் கேரண்டியும் சின்னதாகும், தவறு நடந்தாலும் சேதம் சின்னதாகும்.

இப்போது ஓடுகிற கனெக்‌ஷன் விஷயத்துக்கு வருகிறேன். அரசுக் கணக்கில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் "சேவைக்குத் தயார்". ஃபைபர் ஊராட்சி அலுவலகம் வரை வந்து, டெஸ்ட்டில் வெளிச்சம் தெரிந்தால் தயார். அங்கிருந்து வீடுகளுக்கு யார் இழுப்பது? ஆரம்பக் கட்டத்தில் ஒன்றியத்திலிருந்து வரிசையாக ஒரே கோட்டில் இழுத்ததால், ஒரு இடத்தில் ஜே.சி.பி. வெட்டினால் அதற்கு அடுத்த ஊர்கள் மொத்தமும் போய்விடும். புதிய திட்டத்தில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழி இருக்கிற ரிங்காக மாற்றுகிறார்கள், அது நல்ல விஷயம். தோண்டுவதற்கு முன் சொல்லுங்கள் என்று 2023 மார்ச்சில் ஒரு ஆப்பும் வந்தது. ஆனால் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிற நேரத்தில் அங்கே போய் நிற்பவன் உள்ளூர்க்காரன்தான். இரவு ஃபைபர் கட் என்றால் அறுந்ததை ஒட்டுகிற ஸ்ப்ளைஸிங் மெஷினோடு ஓடுபவனும் அவன்தான், ஏனென்றால் காலையில் சந்தா கட்டுபவர் அவன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்.

கிராமத்தில் கணக்கு இடிக்கிற இடத்தையும் சொல்கிறேன். ஓ.எல்.டி.யின் ஒரு போர்ட்டில் 64 வீடுகளைச் சேர்க்கலாம். டவுனில் ஒரு தெருவிலேயே அது நிரம்பிவிடும். கிராமத்தில் நாலு குக்கிராமங்களுக்கு கிலோமீட்டர் கணக்கில் கேபிள் இழுத்து, இருபது வீடு கிடைத்தால் பெரிது. போட்ட பணம் திரும்ப வருடக்கணக்கில் ஆகும். மானியம் அடைக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். கனெக்‌ஷன் கொடுத்தவுடன் ஒரு பங்கு, அது மூன்று வருடம் விடாமல் ஓடினால் மீதி தவணையாக. மாவட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் கோரலாம் என்று திறந்து வைத்தால் போதும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2021இல் கிராமப்புறச் சந்தாதாரரின் மாதக் கட்டணத்தில் பாதியை, அதிகபட்சம் 200 ரூபாய் வரை, நேரடியாக அவருக்கே திருப்பித் தரலாம் என்று பரிந்துரைத்தது. எனக்கு அதுவும் பிடித்த யோசனை. பணம் வாடிக்கையாளர் கையில் இருந்தால் நல்ல சர்வீஸ் யார் தருகிறார்களோ அவர்களை அவரே தேர்ந்தெடுப்பார்.

பொய்க் கணக்கு காட்டுவார்களே என்ற பயம் நியாயமானது. ஆனால் யார், எப்போது, எவ்வளவு நேரம் இணைப்பில் இருந்தார் என்ற லாகை (பதிவை) இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று லைசென்ஸ் விதியே சொல்கிறது. அதை வைத்தே சரிபார்க்கலாம். புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வர வேண்டியதில்லை.

புதிய பாரத்நெட்டில் உள்ளூர்க்காரருக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. உத்யமி என்ற பெயரில் உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, கனெக்‌ஷன் வருமானத்தில் பாதிப் பங்கை பி.எஸ்.என்.எல். அவர்களுக்குத் தருகிறது. வேலை இல்லாத ஒரு பையனுக்கு அது நல்ல வாய்ப்பு. ஏற்கெனவே சொந்தமாக லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஓ.எல்.டி. வைத்து நடத்துகிறவருக்கு அது பொருந்தாது. வாடிக்கையாளர் பி.எஸ்.என்.எல்.லுக்குச் சொந்தமாகிவிடுவார், நாம் ஏஜென்ட் ஆகிவிடுவோம்.

பணமாகத் தராவிட்டாலும் ஒன்றைச் செய்யலாம். அரசுப் பணத்தில் போட்ட ஃபைபரை எங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். சென்னையில் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சுக்கு (நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் இடம்) பக்கத்தில் இருக்கிற நிறுவனம் வாங்குகிற விலையில் எங்களுக்கு பேண்ட்வித் கிடைப்பதில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து எங்கள் ஊர் வரை கொண்டுவருகிற செலவு மேலே ஏறிவிடுகிறது. டிஜிட்டல் பாரத் நிதிக்கான 2024 விதிகளில், இந்த நிதியில் பணம் வாங்கி அமைத்த நெட்வொர்க்கைப் பாகுபாடு இல்லாமல் எல்லோருக்கும் திறந்து கொடுக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. விதி நன்றாக இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர, ஒவ்வொரு ஒன்றியத்திலும் எத்தனை ஃபைபர் சும்மா கிடக்கிறது, கிலோமீட்டருக்கு என்ன வாடகை, ஒன்றிய அலுவலகத்தில் ஒரு ஜி.பி.பி.எஸ். பேண்ட்வித் என்ன விலை, விண்ணப்பித்தால் எத்தனை நாளில் கிடைக்கும் என்று ஒரு பட்டியலை வெளிப்படையாகப் போட வேண்டும். மின்கம்ப வாடகையையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டால், எந்த கிராமத்துக்கு முதலில் போகலாம் என்று என்னைப் போன்றவர்கள் ஒரே நாளில் கணக்குப் போட்டுவிடுவோம்.