அடிபட்டும் புகார் கொடுக்காதது ஏன்?

கேள்வி: தெருவோரத்தில் பாலியல் தொழில் செய்யும் பெண்கள், தாக்கப்பட்டாலும் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்குவது ஏன்? வன்முறையை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: விபசாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் 1956ஆம் ஆண்டுச் சட்டம், வயதுவந்த பெண் தன் விருப்பப்படி இத்தொழில் செய்வதையே குற்றமாக்கவில்லை, ஆனால் அதன் 8ஆவது பிரிவு, பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதைத் தண்டிப்பதால், சாலையில் நிற்பவர் புகார் கொடுக்கப் போனால் தானே குற்றவாளியாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறார். எனவே அவர்கள் தோழியரையே நம்புகிறார்கள்: இருவராக நிற்பது, வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வது, பழக்கமில்லாத இடத்துக்குப் போக மறுப்பது. காவலர்கள் விரட்டி இருட்டுக்குள் ஒதுங்க நேரும்போது இவையும் பயனற்றுப் போகின்றன. பயத்தை மறக்கச் சிலர் குடிக்கிறார்கள். அதைப் பழிப்பது நமக்கு எளிது, ஆயினும் வருபவனை எடைபோடும் கவனத்தைப் போதை குலைத்துவிடும் என்பதும் உண்மையே.

1999இல் கொல்கத்தாவில் பாலியல் தொழிலாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கின் தொடர்ச்சியாக, உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில், இப்பெண்களைக் காவலர்கள் கண்ணியத்துடன் நடத்த வேண்டும் என்றும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உடனடி மருத்துவ உதவி கிடைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த ஆணையை எடுத்துச்சொல்லிப் புகாரைப் பதிய வைக்க, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரை நாடலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.