கழுத்தணியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய வடிவமைப்பாளர் நகைகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: தங்கமும் இல்லை, வைரமும் இல்லை, பித்தளை, கண்ணாடி, முலாம், அவ்வளவுதான். பாரிஸ் உடை நிறுவனமான ஷனேலின் பழைய மாலைக்கு எதற்கு இத்தனை விலை? எங்கள் வீட்டில் இதைக் கவரிங் என்றுதான் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் வீட்டார் சொல்வதில் பிழையில்லை. நம் கடைகளில் பொன்னை நிறுத்து, அதன்மேல் செய்கூலியும் சேதாரமும் சேர்ப்பார்கள். இவ்வகை நகைகளிலோ செய்கூலியே விலையாகிவிடுகிறது. 1920-களில் அந்நிறுவனத்தின் நிறுவனரான காப்ரியேல் ஷனேல் உண்மை முத்தையும் போலி முத்தையும் கலந்து, பட்டப்பகலிலேயே சரம் சரமாக அணிந்து நடமாடியபோது, போலி என்பது மறைக்க வேண்டிய குறை என்ற எண்ணம் பாரிஸில் தளர்ந்தது. அவருக்குச் செய்துகொடுத்த க்ரிப்வா பட்டறையினர் உருக்கிய கண்ணாடியை உலோகச் சட்டத்துக்குள்ளேயே நேரடியாக ஊற்றினார்கள். ஆகவே உள்ளே சிறு குமிழிகளும் ஓரங்களில் சிறு ஒழுங்கின்மையும் தெரியும். இப்போது சந்தையில் போலி நகைக்கே போலி வந்துவிட்டது என்பதால், வெறும் பெயர்ப் பொறிப்பை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் வாங்கிய முத்து மாலை மிரியம் ஹாஸ்கலுடையது என்று விற்றவர் கூறினார். எங்கு தேடியும் பெயர் இல்லை. ஏமாந்துவிட்டேனா அம்மா?

பதில்: பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து அவ்வாறு முடிவு செய்ய வேண்டாம். 1920-களில் நியூயார்க்கில் தொழில் தொடங்கிய ஹாஸ்கலின் நகைகள், 1940-களின் பிற்பகுதி வரை பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படாமலே விற்கப்பட்டன. எனவே மாலையைக் கவிழ்த்து, நடுப்பதக்கத்தின் பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அவருடைய தலைமை வடிவமைப்பாளர் ஃப்ராங்க் ஹெஸ் வடிவமைத்த காலத்து வேலைப்பாட்டில், பூவேலைத் துளைகள் கொண்ட தகட்டின்மீது மணிகளும் சிறு முத்துகளும் மெல்லிய கம்பியால் கையாலேயே கட்டப்பட்டிருக்கும். கம்பி முனைகள் தோலையோ துணியையோ உறுத்தாதபடி பின்னால் இன்னொரு தகடு மறைத்திருக்கும். மணிகள் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் சந்தேகப்படுவது நல்லது. இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு: பெயருள்ள கொக்கியைப் பழுதான மாலையிலிருந்து கழற்றி, பெயரற்ற மாலையில் பூட்டிவிடுவார்கள். கொக்கியின் முலாமும் மாலையின் முலாமும் ஒரே நிறத்தில் மங்கியிருக்கின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கேள்வி: என்னிடமுள்ள கழுத்தணியின் பின்னால் ட்ரிஃபாரி என்ற பெயரும், வட்டத்துக்குள் பதிப்புரிமைக் குறியும் உள்ளன. இது 1940-ஆம் ஆண்டு நகை என்கிறார் விற்பவர்.

பதில்: குறியே அவர் சொல்வதை மறுக்கிறது. அலங்கார நகையும் பதிப்புரிமைக்கு உரியதே என்று அமெரிக்க நீதிமன்றம், நகை நிறுவனமான ட்ரிஃபாரி தொடுத்த வழக்கில் 1955-இல் ஏற்றுக்கொண்ட பிறகே அந்தக் குறி இந்நகைகளில் பரவலானது. 1940-களின் முற்பகுதியைச் சேர்ந்ததென்றால், போர்க்காலத்தில் மற்ற உலோகங்களுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியதாகவும், வெள்ளியைக் குறிக்கும் ஸ்டெர்லிங் என்ற சொல்லைப் பொறித்ததாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் விலை நியாயமாக இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஆல்ஃப்ரெட் ஃபிலிப் 1968 வரை அந்நிறுவனத்துக்கு வடிவமைத்தார். அவர் கை பட்டதாக இருந்தால் 1950-களின் நகையும் மட்டமானதல்ல.

கேள்வி: வானவில் போல நிறம் மாறும் கற்கள் பதித்த மாலையை 1930-களினது என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. பளிங்குக் கற்கள் செய்யும் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம், உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோருடன் இணைந்து உருவாக்கிய அந்த மேற்பூச்சு 1950-களின் நடுப்பகுதியில்தான் வந்தது.

கேள்வி: ஒரு முத்து மாலைக்கு ஒரு மாளிகையே கைமாறியதாகப் படித்தேன். உண்மையா? அப்படியானால் முத்தின் விலை ஏன் வீழ்ந்தது?

பதில்: உண்மைதான். 1917-இல் மார்ட்டன் ப்ளான்ட் என்ற செல்வந்தர் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த தம் வீட்டை நகை நிறுவனமான கார்ட்டியேவுக்குக் கொடுத்தார். ஈடாக அவர் பெற்றவை 100 டாலரும், பத்து லட்சம் டாலர் மதிப்பிடப்பட்ட இரட்டைச் சர இயற்கை முத்து மாலையும். அக்காலத்தில் பாரசீக வளைகுடாவிலும் நம் மன்னார் வளைகுடாவிலும் மனிதர்கள் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தார்கள். அவற்றில் முத்து கிடைப்பதே அரிது, அதிலும் ஒரே அளவும் ஒளியும் கொண்டவற்றைச் சேர்த்து ஒரு சரம் கோக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் விலை வைரத்தையும் மிஞ்சியிருந்தது. 1893-இல் அரைவட்ட முத்தை வளர்த்துக் காட்டிய ஜப்பானியர் மிகிமோட்டோவின் உருண்டை முத்துகள் 1920-களில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்ததும் அந்த அருமை கலைந்தது. 1929-இன் பொருளாதாரச் சரிவு எஞ்சியதையும் கெடுத்தது. ப்ளான்டின் மனைவி அணிந்த அதே மாலை 1957-இல் ஏலத்துக்கு வந்தபோது 1,51,000 டாலருக்குத்தான் போனது. வீடு மட்டும் இன்றும் கார்ட்டியேவின் கடையாகவே நிற்கிறது.

கேள்வி: கழுத்தை ஒட்டிய சோக்கர் எப்போது தொடங்கியது?

பதில்: நம் அட்டிகையைப் போலவே பல நாடுகளில் அதற்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதைப் பெருவழக்காக்கியவர், பின்னாளில் இங்கிலாந்து அரசியான அலெக்சாண்ட்ரா. கழுத்திலிருந்த சிறு தழும்பை மறைக்கவே பல சர முத்துப் பட்டையை அணிந்தார் என்பார்கள். 1920-களில் இடுப்பு வரி தாழ்ந்த நேர் உடுப்புகள் வந்ததும் வழக்கம் தலைகீழாகி, குஞ்சம் தொங்கும் நீண்ட மாலைகள் இடுப்புவரை இறங்கின.

கேள்வி: பழைய கல் மாலையைச் சோப்பு நீரில் ஊற வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பல கற்களின் பின்னால் பளபளப்புக்காக மெல்லிய உலோகப் பூச்சோ தாளோ இருக்கும். நீர் புகுந்தால் கல் கறுத்து ஒளியிழக்கும், பிறகு மீட்க வழியில்லை. உலர்ந்த மென்துணியால் துடைத்து, இடுக்குகளில் குழந்தைகளுக்கான பல் தூரிகையை மெல்ல ஓட்டுங்கள். முத்து மாலையைத் தொங்கவிடாமல் கிடத்தி வையுங்கள். தொங்கினால் சரடு நீண்டு தளரும்.