கடைசிப் பின்னல் அம்மாவுடையது

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. நிமோனியா முற்றி, 12 நாள் ஐசியுவில் வெண்டிலேட்டரில் இருந்தார். இப்போது உடல் தேறுவதற்கான சமூக மருத்துவமனையில் இருக்கிறார். சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்வந்தவருக்கு இன்று தலைவாரக்கூடக் கை எழவில்லை. அடுத்த வாரம் தோ பாயோ வீட்டுக்கு வருகிறார். பணிப்பெண் அமர்த்தியிருக்கிறோம். முழு ஓய்வு கொடுப்பதுதானே நல்லது?

பதில்: ஓய்வு வேண்டும், முழு ஓய்வு வேண்டாம். 2013இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், ஐசியு நோயாளிகளின் முன்தொடைத் தசை 10 நாளில் ஏறக்குறைய 18 விழுக்காடு மெலிந்திருந்தது. அம்மாவுக்கு மனம் இல்லாமல் இல்லை, தசைதான் கரைந்திருக்கிறது. வேலை கொடுத்தால்தான் அது திரும்பும்.

தலைவாருவதிலேயே தொடங்கலாம். நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கைகளை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். சிக்கெடுத்து, கூந்தலைத் தோள்வழியே முன்னால் போட்டு, முக்கால்வாசி நீங்கள் பின்னுங்கள். கடைசி இரண்டு பின்னலும் ரப்பர் பேண்டும் அவர் வேலை. பத்து நிமிடம் ஆகட்டும். பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது கொடுமைதான், நம் கை பரபரக்கும். ஆனாலும் பொறுங்கள். நாலைந்து நாளில் இன்னும் கொஞ்சம் மேலிருந்தே அவரிடம் விடலாம். ரவிக்கைக்கும் இதே வழிதான்: கடைசிக் கொக்கி அவருக்கு.

பணிப்பெண்ணிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்பாலேயே எல்லாவற்றையும் அவர் செய்துவிடக்கூடும். டிஸ்சார்ஜுக்கு முன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையைத் தெரப்பிஸ்டிடம் கற்கவையுங்கள். அம்மாவை எழுந்ததும் நடக்கவைக்கக் கூடாது; கால் தரையில் படக் கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்காரட்டும். தலைசுற்றினாலோ மூச்சு வாங்கினாலோ நிறுத்துங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடென்றால் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு, வீட்டைப் பாதுகாப்பாக மாற்றியமைக்கும் ‘ஈஸ்’ (EASE) திட்டம் உண்டு. கழிவறைக் கைப்பிடி, வழுக்காத தரை போன்றவற்றுக்குச் சிங்கப்பூரர்களுக்கு 95 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். இன்றே விண்ணப்பியுங்கள்.

வெறும் கஞ்சி தசையை வளர்க்காது. முட்டை, மீன், பருப்பு, தயிர் தினமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். குடிக்கும்போது இருமினால் உடனே மருத்துவமனையில் சொல்லுங்கள், விழுங்குவதைச் சோதிக்க வேண்டும். திடீரென ஆளோ நேரமோ தெரியாமல் குழம்பினாலும் தாமதிக்காதீர்கள்.

தெரப்பிஸ்டிடம் “அம்மா மறுபடியும் தேக்காவுக்குப் போகணும்” என்றும் சொல்லிவையுங்கள். பஸ்ஸில் ஏறி இறங்கவும் காய்கறிப் பையோடு நடக்கவும் அதற்கேற்பப் பயிற்சி அமைப்பார்.